தொண்டையனுக்குக் கொம்பு கிடையாது

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவது, கைப்பேசியில் ஓடும் பேய்ப் படத்துக்குக் கீழே திருத்தம் எழுதுவது. நான் எழுதினேன். அதுவும் ஆங்கிலத்தில், எழுத்துப்பிழையோடு, என் முழுப்பெயரும் மனைவியோடு கடற்கரையில் நிற்கும் படமும் பக்கத்தில் தெரியும்படி. ‘தொண்டையனுக்குக் கொம்பு கிடையாது. கொம்பு இருந்தால் குழாய்க்குள் எப்படி ஏறுவான்? எனக்குத் தெரியும், அவனை உண்டாக்கியதே நான்தான்.’ பத்து நிமிஷத்தில் யாரோ ஒரு பிள்ளை பதில் போட்டது: ‘அங்கிள், ரிலாக்ஸ் லா.’ அந்தப் பதில் நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒருத்தி என் மகள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், பொங்கோலில் எங்கள் வீட்டு மேசை. மகள் நிலா பாலிடெக்னிக் படிக்கிறாள். சோற்றை ஒரு கையாலும் கைப்பேசியை ஒரு கையாலும் சாப்பிடுகிறவள். நான் ரசத்துக்குப் போயிருந்தேன். அவள் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து, “ப...சிக்...குது” என்றது. ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

எட்டிப் பார்த்தேன். ஈசூனில் ஒரு பழைய வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. சுவரில் குப்பைக் குழாயின் இரும்பு மூடி. அது மெல்லத் திறக்கிறது. உள்ளேயிருந்து புகை, சிவப்புக் கண், ஒரு முழ நீளத்துக்கு நாக்கு, ஆட்டுக்கிடா கொம்பு. பெயர் தொண்டையன். ‘எங்கள் அம்மாவின் புளோக்கில் நடந்த உண்மைச் சம்பவம்’ என்று முன்னால் போட்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது வந்தது பயமில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பெருமை. கைவிட்டுப் போன பிள்ளை பெரிய ஆளாகி மேடையில் நிற்பதைப் பார்த்த தகப்பன் மாதிரி இருந்தது. “இது நான் பண்ணின பேய்” என்றேன். நிலா, “அப்பா, ப்ளீஸ்” என்றாள். கையைக்கூடக் கழுவாமல் கொம்பு விவகாரத்தை எழுதி அனுப்பிவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன். படத்தை முடிவு வரை பார்க்காமல் உரிமை கொண்டாடியது இரண்டாவது முட்டாள்தனம். முடிவில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, நீங்களே பார்ப்பீர்கள்.

அந்தக் குழாயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இப்போது கட்டும் வீடுகளில் குப்பை போடும் வழி வெளியே நடைபாதையில் இருக்கிறது, மாடிக்கு ஒன்று. எங்கள் காலத்து ஈசூன் வீட்டில் அது சமையலறைக்குள்ளேயே இருந்தது. மூடியை இழுத்தால் ஒரு தகரத் தட்டு வெளியே வரும். குப்பையை வைத்துத் தள்ளினால் ஏழு மாடி இறங்கிப் போய் கீழே ‘தொப்’ என்று விழும். மீன் குடல், பழத்தோல், நனைந்த செய்தித்தாள், பக்கத்து மாடியின் பிளாச்சான் இறால் விழுது, எல்லாம் கலந்த வெதுவெதுப்பான ஒரு மூச்சு மேலே வரும். இன்றைக்கும் பாசாரில் மீன்கடைப் பின்பக்கம் போனால் அந்த மூச்சு என் முகத்தில் அடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பதினான்கு வயதாகிவிடும்.

குழாய் ஒன்றுதான், வீடுகள் பல. மேலிருந்து கீழ் வரை ஒரே வரிசையிலிருந்த சமையலறைகளுக்கெல்லாம் பொது. அதனால் மூடியைத் திறந்து பேசினால் கீழே திறந்து வைத்திருப்பவருக்குக் கேட்கும். நான் ஏழாவது மாடி. என் கூட்டாளி காதர் அதே வரிசையில் மூன்றாவது மாடி. கரண்டியால் இரும்பில் மூன்று தட்டு தட்டினால் அவன் திறப்பான். வீட்டுக்கணக்கு, பந்தாட்டம், யார் யாரைப் பார்த்தார்கள், எல்லாம் மீன் செதில் வழியாகத்தான் போய் வந்தது.

அந்த வருஷம் என் குரல் உடைந்துகொண்டிருந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் ஒரு வரி வாத்து, ஒரு வரி மாடு. பெண்கள் பக்கமிருந்து வரும் சிரிப்பைத் தாங்க முடியாமல் பாதி வருஷம் ஊமையாக இருந்தேன். அந்தக் கேவலமான குரலைத்தான் குழாய் வாங்கி, சுற்றிச் சுற்றி உருட்டி, வேறொன்றாக்கிக் கீழே அனுப்பியது. ஒரு மத்தியானம் பள்ளி விட்டு வந்து, நிஜமாகவே பசித்து, காதரிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் “பசிக்குது” என்றேன். கீழே அவன் தங்கை பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பேய் பிறந்த கதை அவ்வளவுதான். சுடுகாடு, சாபம் ஒன்றும் கிடையாது.

பெயர் வைத்தது நான். கட்டடத்தின் தொண்டையில் இருப்பவன், தொண்டையன். தமிழ்ப் பாடத்தில் நான் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல சொல். மற்றதைப் புளோக் பிள்ளைகள் சேர்த்தார்கள். குழாய்க்குள் நுழைய வேண்டுமே, ஆகவே ஒல்லி. கையும் காலும் சிலந்தி மாதிரி நீளம். நாம் போடுவதைத் தின்று வளர்வதால் மீன் முள்ளே பல், முடி பூராவும் தேங்காய் நார். சீனப் பிள்ளைகள் ஏழாம் மாதத்தில் அவனுக்குப் பலம் கூடும் என்றார்கள்; பசித்த ஆவிகள் திரியும் மாதமாயிற்றே, பொருத்தமாகத்தான் இருந்தது. மலாய்ப் பிள்ளைகள் அவன் வருமுன் இடுகாட்டில் பூக்கும் கம்போஜா பூ மணக்கும் என்றார்கள். அந்தக் குழாயில் பூ மணந்தால் பேய் என்ன, நானே மயங்கி விழுந்திருப்பேன். எங்கள் ஆட்கள் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்தார்கள். கொம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

“டேய், ஒன் பேயால என் தங்கச்சி குப்பை கொட்ட மாட்டேங்குறா. நான்தான் கொட்டுறேன். அதுக்குக் கொஞ்ச நாள் லீவு குடு” என்றான் காதர். கொடுத்திருக்கலாம்.

நாலாவது மாடியில், அதே வரிசையில், சண்முகம் அண்ணனின் வீடு. செம்பவாங் கப்பல் பட்டறையில் என் அப்பாவோடு பெயிண்ட் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து மலர் அக்காவைக் கூட்டிவந்திருந்தார், பட்டுக்கோட்டைப் பக்கம். அக்காவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். லிப்டில் தனியாக ஏறப் பயந்து நாலு மாடியும் நடந்தே போவார். வந்து ஆறு மாதத்தில் அவருடைய அப்பா ஊரில் இறந்துபோனார். கடிதம் வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. வயிற்றில் பிள்ளை வேறு. “கடைசி ஒரு மாசம் ஒரு வாய்க் கஞ்சி எறங்கலையாம். பசிக்குது, பசிக்குதுன்னே போயிட்டாராம். அதையே சொல்லிச் சொல்லி அழுவுது” என்று அம்மா எங்கள் மேசையில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதை நீங்கள் மறக்கக்கூடாது. எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம், காதரின் தங்கையைக் குறிவைத்து மூடியைத் திறந்து, “பசிக்குது” என்றேன். யாரும் அலறவில்லை. கொஞ்சம் பொறுத்து, மிக அருகிலிருந்து, ஒரு பெண்குரல் கேட்டது.

“அப்பாவா?”

‘இல்லக்கா, நான்தான், ஏழாவது மாடி’ என்று சொல்ல அரை நொடி போதும். வாயும் திறந்துதான் இருந்தது. ஆனால் நாடகத்தில் எதிராளி வசனம் எடுத்துக் கொடுத்தால் விடமுடியாத ஒரு பிறவி இருக்கிறது. நான் அந்தப் பிறவி.

“ஆமா” என்றேன்.

மறுநாள் அதே நேரம் நாலாவது மாடி மூடி திறந்தது. “சாப்பிடுங்கப்பா” என்றார். வாழையிலையில் கட்டிய சோறு குழாயின் சுவரில் இடித்து இடித்து இறங்கிப் போனது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் தைரியம் வந்து, “உப்புக் கம்மி” என்றேன். பிறகு அவர் சிரித்தார். அந்தப் பெண் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “போயும் உங்க நாக்கு அடங்கலையே” என்றார். தமிழ்நாட்டில் எந்த அப்பாதான் உப்புக் கம்மி என்று சொல்லாதவர். ஆனால் அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

பத்து நாள் நடந்தது. அவர் சமைத்ததைச் சொல்லி அனுப்புவார். அதோடு மற்றதையும் சொல்வார். மாப்பிள்ளை நல்லவர், பேச்சுத்தான் இல்லை. இங்கே மாடியிலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. பிள்ளை இப்போது உதைக்கிறது. பையனாக இருந்தால் உங்கள் பெயர்தான். நான் குழாயில் காதை வைத்துக்கொண்டு, நடுவே நடுவே “ம்” போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மகள் தன் அப்பாவிடம் மட்டும் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, மாலையில் கீழே போய்ப் பந்து விளையாடினேன். தொண்டையனுக்குக் குப்பை உணவு என்று சொன்னேன் அல்லவா. உண்மையில் அவன் தின்றது இதைத்தான்.

பதினோராவது நாள் சண்முகம் அண்ணன் வீட்டில் இருந்திருக்கிறார். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து வந்தவர், பெண்டாட்டி குப்பைக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, விளக்கேற்றி, இலைச்சோற்றோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டிருக்கிறார். “அப்பா பேசறாருங்க. நீங்களே கேளுங்க” என்று அவர் சொன்னது எனக்கு மேலே தெளிவாகக் கேட்டது. என் மூடி திறந்திருந்தது. அதை மூடினால் சத்தம் வரும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மனிதர் அதட்டவில்லை. அதுதான் இன்னும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவர் முன்னால் பேசுகிற குரலில், “மாமா, நான் சண்முகம். இருக்கீங்களா?” என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று மத்தியானம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அந்தக் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளும் கூப்பிட்டார். பேய்க்குரலில் ஒரு “ம்” போட்டிருந்தாலும் போதும். என் சொந்தக் குரலில் சொல்லியிருந்தாலும் போதும். இரண்டில் எது வந்திருந்தாலும் அவர் பெண்டாட்டி காதில் விழுந்தது நிஜம் என்று ஆகியிருக்கும். மூன்றாம் நாள் அவர் எழுந்து மூடியைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

“மலருக்குப் புத்தி கலங்கிடுச்சு போல. குப்பைத் தொட்டிக்கு வெளக்கு வைக்குதாம்” என்றாள் அம்மா அன்றைக்கு. அப்பா, “ஊருக்கு அனுப்பிடறதுதான் நல்லது. புள்ளத்தாச்சி, ஏதாவது செஞ்சுக்கிடுச்சுன்னா” என்றார். நான் அப்பளம் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

காதருக்குத் தெரியும். “சொல்லிடுடா” என்றான்.

“எங்கப்பா தோலை உரிச்சிடுவாருடா.”

“பேய்க்குத் தோல் இருக்கா?”

இருவரும் சிரித்தோம். அடுத்த வாரம் டாக்சி வந்தது. ஏழாவது மாடி நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மலர் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். டாக்சியில் ஏறுமுன், புளோக்கின் காலடியில் குப்பை வந்து விழும் அறையின் இரும்புக் கதவின் முன் நின்று ஏதோ சொன்னார். சண்முகம் அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மறு வருஷமே நாங்கள் வேறு வட்டாரத்துக்குக் குடிமாறிவிட்டோம். அவர் திரும்பி வந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

பேய் மட்டும் குடிமாறவில்லை. நான் குரல் கொடுக்காமலே அது வளர்ந்தது. பிறகு தேசிய சேவையில், ராணுவ முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன், முன்பின் தெரியாதவன், என் பேயை எனக்கே சொன்னான். அதற்குள் அதில் நாலாவது மாடியில் ஒரு கர்ப்பிணி வந்துவிட்டாள். குழாய்க்குச் சோறு போட்டாளாம், பிறகு வயிற்றோடு காணாமல் போனாளாம். பிள்ளைகள் கண்டது அதைத்தானே. டாக்சி எங்கே போயிற்று என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள். நான் அப்போதும் ஒரு திருத்தம் சொன்னேன்: தொண்டையன் நாலாவது மாடியில் மட்டும் இருப்பவன் இல்லை, குழாய் முழுக்க அவன் வீடுதான் என்று. அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் திருத்தவில்லை. கோழிக்கறி ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் படத்தின் முடிவுக்கு வருகிறேன். தொண்டையன் எங்கிருந்து வந்தான் என்று கடைசியில் விளக்குகிறார்கள். நாலாவது மாடியில் ஒரு பைத்தியக்கார இந்தியப் பெண் இருந்தாளாம். பெற்ற பிள்ளையைக் குழாயில் போட்டுவிட்டாளாம். அதுதான் கொம்பு முளைத்து ஏறி வருகிறதாம். விரித்த தலையோடு ஒரு பெண் மூடியைத் திறந்து, சிரித்துக்கொண்டே சோறு போடுகிறாள். படத்தில் உண்மையான வில்லி அவள்தான். அதற்குக் கீழே, ‘அவனை உண்டாக்கியதே நான்தான்’ என்று என் கையெழுத்து.

நிலாவிடம் முழுவதையும் சொன்னேன். சாதாரணமாக நான் சொல்வதில் பாதிக்குக் கண்ணை உருட்டுகிறவள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். “அவங்க உயிரோட இருக்காங்களா?” என்றாள். தெரியாது என்றேன். “நீங்க கேக்கவே இல்லையா?” எழுந்து போய்க் காதரின் எண்ணைத் தேடினேன்.

காதருக்கு இப்போது சிராங்கூன் சாலைப் பக்கம் துணிக்கடை. ஈசூன் ஆட்கள் யாருக்குக் கல்யாணமானாலும் சேலை அவனிடம்தான். போனில் கேட்டேன்.

“மலரக்காவா? செம்பவாங்ல மகனோட இருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில தேக்கா பாசாருக்கு வருவாங்க. சண்முகண்ணன் எறந்துபோயி ரெண்டு வருஷமாச்சு. எதுக்குக் கேக்குற?”

“சொல்லிடலாம்னு.”

கடையில் யாரோ பட்டு விலை கேட்கும் சத்தம் வந்தது. “சொல்லு. நானும் வருவேன், ஆனா ஞாயித்துக்கிழமை கடை மூட முடியாது” என்றான். பிறகு, “நானும்தாண்டா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதையும் சேத்துச் சொல்லு” என்றான்.

தேக்காவில் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அறுபது வயது, கச்சிதமான கொண்டை, சக்கரம் வைத்த பை நிறைய முருங்கைக்கீரை. என்னைப் பார்த்ததும், “பெயிண்டர் வீட்டுப் பையன்தானே? வழுக்கை விழுந்துடுச்சே” என்றார். தே தாரேக் வாங்கிக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்; நடுவில் ஒரு சின்ன ஜோக்குக்கூட வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “அக்கா, ஈசூன் வீட்டுல, அந்தக் குழாயில பேசினது நான்தான்” என்றேன்.

அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“பையன்னு தெரியும். எந்த வீட்டுப் பையன்னுதான் தெரியாது” என்றார். “திரும்பி வந்து அதே வீட்டுல பதினஞ்சு வருஷம் இருந்தேன். மேல் வீட்டு டிவி, கீழ் வீட்டுச் சண்டை, எல்லாம் அதுல கேக்கும். அப்புறம் தெரியாம இருக்குமா?”

“அண்ணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னேன். ‘சரி சரி’ன்னாரு. மூணு நாளு உக்காந்து பாத்தவராச்சே. புத்தி கலங்கினதை மறைக்க நான் சமாளிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டாரு.” கீரைக்கட்டிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிக் கீழே போட்டார். “திட்டினதில்ல, கை ஓங்கினதில்ல. ஆனா என் புள்ளைக்கு அஞ்சு வயசு ஆற வரைக்கும் என்கிட்ட தனியா விட்டதில்ல. வேலைக்குப் போறப்ப அவங்க அக்காவைக் கொண்டாந்து உக்கார வச்சிட்டுப் போவாரு. நான் குளிப்பாட்டினா அந்தம்மா வாசல்ல நிக்கும்.”

அந்தம்மா வாசலில் நிற்பது எனக்குத் தெரிந்தது. படத்தில் பேய் வருவதைவிடத் தெளிவாக.

கைப்பேசிப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அதை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், என் திருத்தத்தையும் அழித்துவிட்டு நடந்ததை எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த புளோக்கை இடித்தாகிவிட்டது, போய்ப் பார்த்தாயா என்று கேட்டார். போன மாதம் போனேன். எங்கள் ஏழு மாடி இருந்த இடத்தில் முப்பது மாடிக்குப் புதுசு நிற்கிறது. எந்தச் சமையலறைச் சுவரிலும் மூடி இல்லை. கரண்டியால் தட்டினால் திறக்க ஆள் இல்லை. செம்பவாங் பட்டறையில் அப்பாவோடு பெயிண்ட் அடித்தவர்களில் ஒருவரும் இல்லை. அங்கிருந்து தப்பி வந்தவன் தொண்டையன் ஒருவன்தான், அவனும் ஆள் மாறிப்போனான். இதையெல்லாம் அவரிடம் கொஞ்சம் அழகாகச் சொல்லப் பார்த்தேன். அழகாகப் பேசுவது எனக்கு எப்போதுமே ஒளிந்துகொள்ள ஒரு இடம். அவர் தேநீரை முடித்துவிட்டுப் பையின் பிடியை இழுத்தார்.

“மன்னிச்சிடுங்கக்கா. இப்பவாவது சொல்லிடணும்னு தோணுச்சு” என்றேன்.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற, அவரு உசிரோட இருக்கறப்ப அவருகிட்டல்ல சொல்லியிருக்கணும்.”